ஒரே இமேஜ், பல கன்டெய்னர்கள்: ஒருமை எங்கே இருக்கிறது?

கன்டெய்னர் இமேஜ் என்பது மாற்ற முடியாத ஒரு தொகுப்பு. ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான கோப்புகளும், அதை எந்தக் கட்டளையோடு தொடங்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கி, மற்ற செயல்களிலிருந்து பிரித்து வைக்கப்பட்டு இயங்குவது கன்டெய்னர். 2013-இல் டாக்கர் வெளியான பிறகு இந்த முறை வேகமாகப் பரவியது. 2015-இல் தொடங்கிய ஓப்பன் கன்டெய்னர் இனிஷியேட்டிவ் இமேஜின் வடிவத்துக்குப் பொதுத் தரம் வகுத்தது. இன்று ஓரளவு பெரிய சேவை எதுவும் ஒற்றைக் கன்டெய்னரில் அடங்குவதில்லை. தரவுத்தளத்துக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று, வேலை செய்பவை சில என்று பல கன்டெய்னர்கள் சேர்ந்தே அதை நடத்துகின்றன. அவற்றில் சில, நிறுவனம் தன் தேவைக்கெனக் கட்டிய ஒரே இமேஜிலிருந்து எழுகின்றன.

‘ஒரே இமேஜ்’ என்னும்போது எது ஒன்று? பெயரா, உள்ளடக்கமா, பிறப்பா? தத்துவம் நெடுங்காலமாக விவாதித்துவரும் ஒருமைச் சிக்கலே இது. தத்துவ விவாதத்தில் பிழையான விடை மறுப்புரைக்கு இடம் தரும். கன்டெய்னர்களிலோ அதே பிழையால் நள்ளிரவில் ஓட வேண்டிய வேலை ஓடாமல் நின்றுவிடும். அதனால் இந்தத் துறை பழைய கேள்வியைக் கூர்மையாக்குகிறது. பழைய வாதங்களும் இந்தத் துறைக்குத் தெளிவு தருகின்றன.

கேள்வி எழும் இடம்

அப்பாச்சி ஏர்ஃப்ளோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குறித்த நேரத்தில், குறித்த வரிசையில் தரவு வேலைகளை ஓட்டும் மென்பொருள் அது. 2014-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தொடங்கி, 2019-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமானது. அதன் 2-ஆம் பதிப்பு வரிசையோடு தரப்பட்ட, பல கன்டெய்னர்களைச் சேர்த்துத் தொடங்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் ரெடிஸ் வரிசையும் தனித்தனி இமேஜ்களிலிருந்து எழுகின்றன. ஷெட்யூலர், ஒர்க்கர், டிரிகரர், வெப்சர்வர் ஆகியவை ஒரே ஏர்ஃப்ளோ இமேஜிலிருந்து வெவ்வேறு கட்டளைகளோடு தொடங்குகின்றன.

பணித்திட்டங்கள் பைத்தான் கோப்புகளாக எழுதப்படுகின்றன. ஒரு திட்டத்துக்கு இமேஜில் இல்லாத லைப்ரரி ஒன்று தேவை என்று கொள்ளலாம். அந்தப் பதிப்பு வரிசையில் ஷெட்யூலர் அந்தக் கோப்பைப் படித்து எது எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஒர்க்கர் அதே கோப்பை மறுபடி படித்து வேலையை ஓட்டுகிறது. லைப்ரரி ஷெட்யூலரில் மட்டும் இருந்தால் திட்டம் திரையில் ஒழுங்காகத் தெரியும், நேரத்துக்கு வரிசையிலும் ஏறும். ஒர்க்கரின் கைக்குப் போனதும் லைப்ரரி கிடைக்கவில்லை என்று விழும். ஒர்க்கரில் மட்டும் இருந்தால் ஷெட்யூலரால் கோப்பைப் படிக்கவே முடியாது; திரையில் பிழைச் செய்தி நிற்கும். ஆக, இரண்டும் ஒரே கோப்பை ஒரே விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இரண்டும் ஒரே இமேஜில் நிற்க வேண்டும். தனக்கென இமேஜ் கட்டும் தேவை இங்கேதான் பிறக்கிறது.

வகையும் நிகழ்வும்

1906-இல் வெளியான கட்டுரை ஒன்றில் அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ் ஒரு வேறுபாட்டை வகுத்தார். ஒரு பக்கத்தில் ஒரே சொல் இருபது முறை அச்சாகியிருந்தால், சொல் ஒன்றா இருபதா? வகை என்ற அளவில் ஒன்று, நிகழ்வு என்ற அளவில் இருபது. இமேஜை வகை என்றும் கன்டெய்னரை நிகழ்வு என்றும் வைத்துக்கொள்வது இயல்பாகவே தோன்றும். பாடநூல்களும் பெரும்பாலும் அப்படியே விளக்குகின்றன.

இந்தப் பொருத்தம் பாதி வழிதான் வரும். பர்ஸின் வகை எங்கும் இருப்பதில்லை; அதை யாரும் ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து செய்வதும் இல்லை. இமேஜோ செய்யப்படுகிறது, வட்டில் இடம் பிடிக்கிறது, அழிக்கவும் படுகிறது. கட்டிய மடிக்கணினியில் ஒரு படி, இமேஜ்களைச் சேமித்துப் பகிரும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு படி, சர்வரில் ஒரு படி என்று அதற்கே பல நிகழ்வுகள் உண்டு. எனவே நிலைகள் மூன்று: பைட்டுகளின் குறிப்பிட்ட ஒழுங்கு என்ற வகை, அந்த ஒழுங்கைத் தாங்கும் சேமித்த படிகள், அவற்றிலிருந்து எழுந்த கன்டெய்னர்கள்.

கன்டெய்னர் தன் வகையிலிருந்து விலகவும் கூடும். இயங்கும்போது இமேஜின் மேல் மெல்லிய எழுதும் அடுக்கு ஒன்று சேர்கிறது. உள்ளே புகுந்து யாராவது ஒரு கோப்பைத் திருத்தினால் திருத்தம் அந்த அடுக்கில் மட்டும் பதியும். இமேஜ் மாறாது, பக்கத்துக் கன்டெய்னருக்கும் அது தெரியாது. அந்தக் கன்டெய்னரை நீக்கினால் திருத்தமும் போய்விடும். மேலும், இயங்குதளத்தின் கெர்னல் இமேஜில் இல்லை. அதைத் தாங்கும் கணினியிடமிருந்தே கன்டெய்னர் பெற்றுக்கொள்கிறது. ஆகவே இமேஜ் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கணினிகளில் எழும் கன்டெய்னர்கள் எல்லா வகையிலும் ஒன்றாகிவிடுவதில்லை.

பெயரின் ஒருமை

இமேஜுக்குப் பெயரும், பெயரின் பின்னே டேக் என்ற அடையாளமும் உண்டு. டேக் நகரக்கூடியது. இன்று ஓர் இமேஜைச் சுட்டுவது, நாளை புதிய கட்டுமானத்தை ரெஜிஸ்ட்ரியில் ஏற்றியதும் அதைச் சுட்டும். ‘லேட்டஸ்ட்’ என்ற டேக்கும் அப்படித்தான். டேக் எதுவும் தராதபோது தானாக ஒட்டிக்கொள்ளும் பெயர் அது. இருப்பதில் புதியது அதுவே என்ற உறுதியை அது தருவதில்லை.

தத்துவவாதி சால் கிரிப்கி 1970-இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில், பெயர் எல்லாச் சூழலிலும் ஒரே பொருளையே விடாமல் சுட்டும் என்று வாதிட்டார். டேக் அந்த வகைப் பெயராகாது. ‘இந்த ஊரின் தலைவர்’ என்பதுபோல ஒரு பதவியை அது குறிக்கிறது. அந்த இடத்தில் யார் இருக்கிறாரோ அவரைச் சுட்டும். பதவிப் பெயரை ஆட்பெயராக எடுத்துக்கொள்வதிலிருந்து பல இடர்கள் பிறக்கின்றன. ஒரு சர்வர் திங்கட்கிழமையும் இன்னொன்று வியாழக்கிழமையும் அதே டேக்கை இழுத்திருந்தால், இரண்டிலும் ஒரே பெயர் இருக்கும். இமேஜ்கள் இரண்டாக இருக்கலாம். ஒரே நேரத்தில் இழுத்தாலும்கூட, இன்டெல் சில்லுள்ள கணினிக்கும் ஆர்ம் சில்லுள்ள கணினிக்கும் ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு இமேஜ்கள் கிடைப்பது வழக்கம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. இமேஜைக் கட்டும் செய்முறையான டாக்கர்ஃபைலில் ஒரு லைப்ரரியைச் சேர்த்துவிட்டு, கம்போஸை வழக்கம்போலத் தொடங்கினால், அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கும் பழைய இமேஜையே அது எடுத்துக்கொள்ளும். மறுபடி கட்டச் சொல்லித் தனியாகக் கேட்டால்தான் கட்டும். ‘லைப்ரரியைச் சேர்த்தேனே, ஏன் கிடைக்கவில்லை’ என்ற குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இதுதான்: செய்முறை மாறியது, பெயர் சுட்டும் பொருள் மாறவில்லை.

உள்ளடக்கத்தின் ஒருமை

பெயரின் நெகிழ்வுக்கு மாற்றாக டைஜெஸ்ட் இருக்கிறது. ஷா-256 என்ற கணக்கீடு இமேஜின் விவரத்தாளிலிருந்து 64 குறிகள் கொண்ட எண்ணைத் தருகிறது. இமேஜ் அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. அந்த விவரத்தாள் ஒவ்வோர் அடுக்கையும் அதனதன் டைஜெஸ்டால் சுட்டுவதால், எங்கோ ஓர் அடுக்கில் ஒரு பைட் மாறினாலும் மேலே உள்ள எண் முழுவதும் மாறிப்போகும். எதிலும் வேறுபாடு காண முடியாத இரண்டு பொருள்கள் இரண்டல்ல, ஒன்றே என்பது லைப்னிட்ஸின் கொள்கை. பைட்டுகளின் உலகில் அந்தக் கொள்கை தடையின்றிப் பொருந்துகிறது. சென்னையிலிருக்கும் படியும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருக்கும் படியும் ஒரே டைஜெஸ்ட் தந்தால், ‘எது மூலம், எது நகல்’ என்ற கேள்விக்கே இடமில்லை.

இங்கும் ஓர் எல்லை உண்டு. இருக்கக்கூடிய கோப்புகளுக்கு முடிவில்லை. டைஜெஸ்ட்களோ 2-இன் 256-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் முடிந்துவிடும். ஆகவே இரண்டு வேறு கோப்புகள் ஒரே டைஜெஸ்ட் தருவது தர்க்கப்படி நடக்கக்கூடியதே. ஷா-256-இல் அப்படியோர் இணை இதுவரை வெளிப்பட்டதில்லை. பழைய ஷா-1 முறையில் 2017-இல் அப்படியோர் இணை செய்து காட்டப்பட்டது. டைஜெஸ்ட் தருவது தர்க்க நியதி தரும் உறுதியன்று. உடைக்கும் வழி யாருக்கும் தெரியாதவரை நிற்கும் நடைமுறை உறுதி. அறிவு என்பது எவ்வளவு உறுதியைக் கோருகிறது என்ற கேள்விக்கு இந்தத் துறை தரும் விடை அடக்கமானது: செயலுக்குப் போதுமான உறுதி இருந்தால் நம்பலாம், நம்பிக்கையின் ஆதாரம் தளரும் நாளில் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிறப்பின் ஒருமை

உள்ளடக்கம் ஒன்று என்று தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்ததாகாது. அந்த உள்ளடக்கம் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. சைவ சித்தாந்தம் எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்களைச் சொல்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இமேஜுக்கும் இந்தப் பகுப்பு பொருந்துகிறது. அடிப்படை இமேஜும் அதன் மேல் சேரும் லைப்ரரிகளும் முதற்காரணம். கட்டும் கருவி, கம்பைலர், இடைச்சேமிப்பு, வலையமைப்பு ஆகியவை துணைக்காரணம். டாக்கர்ஃபைலை எழுதிக் கட்டியவர் நிமித்தகாரணம்.

டைஜெஸ்ட் குடத்தை மட்டுமே அடையாளம் காட்டுகிறது. குயவன் யார் என்று தெரிய வேண்டுமானால் இமேஜில் கையொப்பம் வேண்டும். மண் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் உட்கூறுகளின் பட்டியல் வேண்டும். துணைக்காரணத்தைச் சரிபார்ப்பது எல்லாவற்றிலும் கடினம். 1984-இல் வெளியான டூரிங் விருது உரையில் கணினி அறிவியலாளர் கென் தாம்ப்சன் இதைக் காட்டினார்: கம்பைலரே கெட்டிருந்தால், மூல நிரலை வரிவரியாகப் படித்தாலும் அதிலிருந்து உருவாகும் மென்பொருளில் ஒளிந்திருக்கும் கேடு கண்ணில் படாது. நல்ல மண்ணும் நேர்மையான குயவனும் இருந்தும் சக்கரம் கோணினால் குடமும் கோணும்.

காரியம் காரணத்துக்குள் முன்பே அடங்கியிருக்கிறது என்பது சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கும் சற்காரியவாதம். காரியம் புதிதாகவே தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகர் கொள்ளும் அசற்காரியவாதம். ஒரு டாக்கர்ஃபைலுக்குள் அதன் இமேஜ் முன்பே அடங்கியிருக்கிறதா? லைப்ரரியின் பெயரை மட்டும் எழுதி, பதிப்பெண் தராமல் விட்டால், இன்று கட்டும்போது ஒரு பதிப்பும் ஆறு மாதம் கழித்து இன்னொரு பதிப்பும் வரும். செய்முறை ஒன்று, இமேஜ்கள் இரண்டு. பதிப்பெண்ணைக் குறித்தாலும் கோப்புகளில் பதியும் நேர முத்திரை மாறும், டைஜெஸ்டும் மாறும். அதே கணினியில் திரும்பக் கட்டும்போது வேறொரு மயக்கம் வரும்: வரியின் எழுத்து மாறாவிட்டால் கட்டும் கருவி பழைய அடுக்கையே எடுத்துக்கொள்ளும். இடையில் வெளியுலகில் பொதிகள் புதிதாகியிருந்தாலும் அது கவனிப்பதில்லை.

மீளக் கட்டத்தக்க கட்டுமானம் என்ற முயற்சி இந்த இடத்தில் எழுந்தது. டெபியன் உள்ளிட்ட திட்டங்கள் பல ஆண்டுகளாக அதற்கு உழைத்துவருகின்றன. பதிப்புகளைப் பூட்டி, நேர முத்திரையை நிலையாக்கி, கோப்புகளின் வரிசையை ஒழுங்குபடுத்தினால், யார் எப்போது கட்டினாலும் கடைசி பைட் வரை ஒரே விளைவு வரும். சற்காரியவாதம் இங்கே உலகைப் பற்றிய கூற்றாக மட்டும் நிற்பதில்லை. உழைப்பால் உண்மையாக்க வேண்டிய இலக்காகிறது. காரணத்துக்குள் காரியத்தை எவ்வளவு அடக்குகிறோமோ, அவ்வளவுக்குச் செய்முறையைப் படித்தவர் விளைவை நம்பலாம்.

இயல்பும் வருகையும்

ஒரு பொருளுக்கு எது இயல்பு, எது வந்து ஒட்டியது என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கேள்வி. தனக்கென இமேஜ் கட்டுபவர் அதற்கு ஒவ்வொரு நாளும் விடை சொல்லியாக வேண்டும்: எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது?

ஏர்ஃப்ளோவின் கம்போஸ் கோப்பில் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. தேவையான கூடுதல் லைப்ரரிகளின் பெயர்களை ஒரு சூழல் மாறியில் எழுதினால், ஒவ்வொரு கன்டெய்னரும் எழும்போது அவற்றை இறக்கி நிறுவிக்கொள்ளும். சோதித்துப் பார்க்க மட்டுமே இது உதவும் என்று ஏர்ஃப்ளோ ஆவணம் எச்சரிக்கிறது. காரணம் வேகம் மட்டுமன்று. ஷெட்யூலர் காலையில் எழுந்து ஒரு பதிப்பை நிறுவும். ஒர்க்கர் மாலையில் திரும்ப எழும்போது அதற்குள் வெளியான வேறு பதிப்பை நிறுவும். வலையமைப்பு அறுந்திருந்தால் எழாமலே போகலாம். எல்லாக் கன்டெய்னருக்கும் இயல்பாக இருக்க வேண்டிய ஒன்றை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வந்து ஒட்டும் பண்பாக மாற்றியதன் விளைவு இது. அதே லைப்ரரியை டாக்கர்ஃபைலில் பதிப்பெண்ணோடு எழுதி, அதிகாரபூர்வ இமேஜின் மேல் ஓர் அடுக்காகக் கட்டினால், அது இயல்பாகிவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதெல்லாம் இமேஜுக்குள் போக வேண்டுமா? ஏர்ஃப்ளோ தன் இணைப்புகளின் கடவுச்சொற்களை மறையாக்கம் செய்ய ஃபெர்னெட் சாவி ஒன்றைப் பயன்படுத்துகிறது. எல்லாக் கன்டெய்னரிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறினால் தரவுத்தளத்தில் இருப்பதைப் படிக்க முடியாது. ஆனாலும் அது இமேஜுக்குள் போகக் கூடாது. இமேஜ் கைமாறும் பொருள். அது கையில் கிடைத்தவருக்கெல்லாம் சாவியும் கிடைத்துவிடும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் அடுக்குகளின் நினைவு. ஓர் அடுக்கில் சாவிக்கோப்பை நகலெடுத்து, அடுத்த அடுக்கில் அதை நீக்கினால், இயங்கும் கன்டெய்னரில் அந்தக் கோப்பு தெரியாது. ஆனால் நீக்கம் என்பது ‘இதைக் காட்டாதே’ என்று மேலடுக்கில் எழுதிய குறிப்பு மட்டுமே. கீழடுக்கில் கோப்பு அப்படியே இருக்கிறது. அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பவர் எடுத்துக்கொள்ளலாம். இமேஜில் நடந்தது நடந்ததுதான். மறைக்கலாம், இல்லையென்று ஆக்க முடியாது. எனவே இயல்புக்கு அளவுகோல் இரண்டு: எல்லாக் கன்டெய்னருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், இமேஜைக் கையில் வைத்திருப்பவர் எவருக்கும் தெரியலாம் என்ற தன்மையும் வேண்டும். இரண்டும் பொருந்துபவை இமேஜில் சேரும். மற்றவை கன்டெய்னர் எழும்போது தரப்பட வேண்டியவை.

முழுமையின் ஒருமை

பல கன்டெய்னர்கள் சேர்ந்த அமைப்பு ஒரு பொருளா, பல பொருள்களுக்கு இட்ட ஒரு பெயரா? மிலிந்த பஞ்ஹ என்ற பாலி நூலில் நாகசேனர் மன்னன் மிலிந்தனிடம் தேரைக் காட்டி வாதிடுகிறார்: அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேரல்ல, அவை சேர்ந்த நிலையில் வழங்கும் பெயரே தேர். நியாய மரபினர் இதை மறுத்து, உறுப்புகளில் தங்கியிருந்தும் அவற்றிலிருந்து வேறான முழுமை உண்டு என்றனர். கம்போஸ் அமைப்பு நாகசேனரின் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். ஒவ்வொரு கன்டெய்னரும் மற்றதை வலையமைப்பில் பெயரால் மட்டுமே அறியும். போஸ்ட்கிரெஸுக்குத் தான் ஏர்ஃப்ளோவின் உறுப்பு என்பதே தெரியாது.

உறுப்பு மாற்றம் வேறொன்றைக் காட்டுகிறது. பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்ற விவாதத்தைப் புளூட்டார்க் பதிவுசெய்தார். கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். ஏர்ஃப்ளோவின் எல்லாக் கன்டெய்னர்களையும் நீக்கி, புதிய இமேஜிலிருந்து எழுப்பினாலும், தரவுத்தளத்தின் தரவைக் கன்டெய்னருக்கு வெளியே சேமிக்கும் வால்யூம் அப்படியே இருந்தால் பயன்படுத்துவோர் அதை அதே அமைப்பு என்றே கொள்வர். ஓடிய வேலைகளின் வரலாறு தொடர்கிறது. கன்டெய்னர் ஒன்றையும் தொடாமல் வால்யூமை மட்டும் இழந்தால், எல்லாப் பலகையும் இருந்தும் அமைப்பு போய்விடுகிறது. ஆளின் ஒருமை உடலில் இல்லை, நினைவின் தொடர்ச்சியில் இருக்கிறது என்று 1694-இல் தத்துவவாதி லாக் வாதிட்டதற்கு இது அணுக்கமானது.

நினைவும் தனித்து நிற்பதில்லை. ஏர்ஃப்ளோவின் புதிய பதிப்புக்கு மாறும்போது தரவுத்தளத்தின் அமைப்பும் மாற்றப்படுகிறது. அதன் பிறகு பழைய இமேஜுக்குத் திரும்ப வேண்டுமானால், முதலில் தரவுத்தளத்தைப் பழைய அமைப்புக்கு இறக்க வேண்டும். முழுமையின் ஒருமை, குறிப்பிட்ட நினைவும் அதைப் படிக்கத் தெரிந்த குறிப்பிட்ட இமேஜும் பொருந்திய தொடர்ச்சியில் இருக்கிறது.

ஒருமையை நிலைநிறுத்துதல்

பெயர், உள்ளடக்கம், பிறப்பு மூன்றும் ஒருமைக்கு மூன்று அளவுகோல்கள். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. மனிதர் பேசிக்கொள்ளப் பெயர் வேண்டும். கன்டெய்னர்கள் ஒத்திருக்க உள்ளடக்கம் ஒன்றாக வேண்டும். நம்பிப் பயன்படுத்தப் பிறப்பு தெரிய வேண்டும். இவை தாமாக ஒன்றுகூடுவதில்லை.

கம்போஸ் கோப்பில் ஒவ்வொரு சேவைக்கும் கட்டும் ஆணையை மட்டும் எழுதி, இமேஜின் பெயரைத் தராவிட்டால், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிப் பெயரில் இமேஜ் உருவாகும். பெயரையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி, எல்லாச் சேவைகளும் அந்தப் பொதுப்பகுதியையே சுட்டினால் பெயர் ஒன்றாகும். ஏர்ஃப்ளோவின் கோப்பு பொதுப்பகுதியை இப்படித்தான் வைத்திருக்கிறது. கணினிகள் பலவாக இருந்தால் ஒவ்வொன்றிலும் தனியாகக் கட்டுவது ஒரே செய்முறையின் பல பிறப்புகளையே தரும். ஓரிடத்தில் ஒரு முறை கட்டி, சோதித்து, கையொப்பமிட்டு, ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, எல்லாக் கணினியும் அதை டைஜெஸ்டால் இழுத்தால் உள்ளடக்கமும் பிறப்பும் ஒன்றாகும். சோதித்ததும் ஓடுவதும் ஒன்றே என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

ஒருமை என்பது பொருளில் கிடக்கும் பண்பு, அதைக் கண்டறிவதே அறிவின் வேலை என்று பல தத்துவ மரபுகள் கருதின. கன்டெய்னர் இமேஜில் அது செய்து காக்க வேண்டியதாக இருக்கிறது. ‘இவை ஒன்றே’ என்று சொல்பவர் ஓர் உண்மையைக் கூறுவதோடு, அது உண்மையாகவே நீடிக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்கிறார். அந்த அமைப்பை நம்பி வேலையை ஒப்படைப்பவர்களுக்கு அவர் தரும் வாக்கு அது.